யெரெரூய்க்: கூரை இழந்த கோவிலும் பெயரில்லாக் கல்லறைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்மீனியாவின் மேற்கு எல்லையில் இருக்கும் யெரெரூய்க் என்ற பழைய கிறிஸ்தவக் கோவிலைப் பற்றிப் பேச்செடுத்தாலே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்கு, குறிப்பாகக் கல்லறைகள் பற்றியவற்றுக்கு, பதில் நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

யெரெரூய்க் எங்கே இருக்கிறது?

ஆர்மீனியாவின் ஷிராக் மாகாணத்தில், அனிபெம்சா என்ற சிற்றூரை ஒட்டிய பாறை மேட்டில். மேற்கே கொஞ்ச தூரத்தில் அகூரியான் ஆறு. ஆற்றின் அக்கரை துருக்கி. 1921இல் கையெழுத்தான கார்ஸ் உடன்படிக்கைதான் இந்த ஆற்றை எல்லைக்கோடாக்கியது. ஆர்மீனியர்களின் பழைய தலைநகரான அனி, நேர்க்கோட்டில் அளந்தால் பத்துக் கிலோமீட்டருக்குள்தான். ஆனால் அது அந்தப் பக்கம் போய்விட்டது. 1993 முதல் எல்லை மூடிக் கிடப்பதால், பக்கத்தில் இருக்கும் அனிக்குப் போக ஜார்ஜியாவைச் சுற்றிக்கொண்டு போகவேண்டிய நிலை பல ஆண்டுகளாக நீடித்தது.

இது பசிலிக்கா என்கிறார்களே, வேளாங்கண்ணி மாதிரியா?

இல்லை. நம் ஊரில் பசிலிக்கா என்றால் போப்பாண்டவர் ஒரு கோவிலுக்குத் தரும் சிறப்புப் பட்டம். கட்டடக்கலை பேசுபவர்கள் அதே சொல்லை வேறு பொருளில் சொல்கிறார்கள்: நீள்சதுரக் கூடம், உள்ளே இரண்டு வரிசைத் தூண்கள், அவற்றால் மூன்றாகப் பிரிந்த இடைவெளி, கிழக்குக் கோடியில் பலிபீடத்துக்கான அரைவட்டம். ரோமானியர்கள் நீதிமன்றமும் சந்தையும் நடத்தக் கட்டிய கூடத்தின் வடிவத்தை ஆரம்பகாலக் கிறிஸ்தவர்கள் வழிபாட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். யெரெரூய்க் அந்த வகை.

ஆர்மீனியக் கோவில் என்றதும் கூர்முனைக் கூம்பு போட்ட குவிமாடம் நினைவுக்கு வரும். அது பெருகியது பிற்பாடு, குறிப்பாக 7ஆம் நூற்றாண்டில். குவிமாடம் இல்லாத முந்தைய தலைமுறையைச் சேர்ந்தது யெரெரூய்க்.

இது கத்தோலிக்கக் கோவிலா?

இல்லை, ஆர்மீனிய அப்போஸ்தலத் திருச்சபையின் மரபு. மரபுப்படி 301இல் ஆர்மீனியா கிறிஸ்தவத்தை அரசு மதமாக ஏற்றது. கிறிஸ்துவின் தன்மை பற்றி 451இல் கூடிய கல்செதோன் திருச்சபைப் பொதுச்சங்கம் எடுத்த முடிவை அந்தத் திருச்சபை பின்னர் ஏற்க மறுத்துத் தனிவழி போனது. கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையும் அதே அணிதான் என்று சொன்னால் நம் வாசகர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

எப்போது கட்டினார்கள்? கட்டியவர் யார்?

கட்டியவரின் பெயரையோ ஆண்டையோ சொல்லும் கல்வெட்டு கிடையாது. கட்டட அமைப்பையும் செதுக்கு வேலையையும் வைத்துத்தான் காலம் கணிக்கிறார்கள். 4, 5ஆம் நூற்றாண்டு என்று சொன்னவர்களும் உண்டு. 6ஆம் நூற்றாண்டு என்பதே இன்று பரவலான கருத்து. புனிதர்களின் எச்சங்களை வைத்துப் போற்றிய யாத்திரைத் தலமாக இருந்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். இவ்வளவு ஒதுக்குப்புறமான இடத்தில் இவ்வளவு பெரிய கட்டடம் ஏன் என்ற கேள்விக்கு அது ஓரளவு பொருந்துகிறது.

சுவரில் கிரேக்கக் கல்வெட்டு இருக்கிறதாமே? ஆர்மீனியர்களுக்குச் சொந்த எழுத்து இல்லையா?

இருந்தது. மெஸ்ரோப் மஷ்தோத்ஸ் 405 வாக்கில் ஆர்மீனிய எழுத்துகளை உருவாக்கிவிட்டார். அதற்கு நூறு ஆண்டு கழித்தும் இங்கே கிரேக்கத்தில் வெட்டியிருக்கிறார்கள். சங்கீதம் 93இன் கடைசி வரி அது: ஆண்டவரே, உம் ஆலயத்துக்கு என்றென்றும் அழகு பரிசுத்தமே என்பது அதன் சாரம். தெற்குப் பக்கத்தில், வருவோர் கண்ணில் படும்படி வைத்திருக்கிறார்கள்.

ஏன் கிரேக்கம்? கிழக்கத்தியக் கிறிஸ்தவ உலகில் அன்று பல நாட்டாருக்கும் பொதுவாக இருந்த மொழி அது. தூரதேசத்திலிருந்து வருபவர்களும் படிக்கட்டும் என்ற எண்ணம் இருந்திருக்கலாம். இது என் ஊகம்தான். பின்னாளில் வெட்டிய ஆர்மீனியக் கல்வெட்டுகளும் இதே சுவர்களில் உண்டு.

சிரியாவை ஏன் எல்லோரும் இழுக்கிறார்கள்?

மேற்கு முகப்பால். வாசலின் இருபுறமும் கோபுரம்போல் எழும் இரண்டு அறைகள் ஆர்மீனியாவில் அபூர்வம். வட சிரியாவின் கல்ப் லோசே, துர்மானின் போன்ற 5, 6ஆம் நூற்றாண்டுக் கோவில்களில் இப்படிப்பட்ட முகப்பு உண்டு. வடக்கிலும் தெற்கிலும் ஓடிய தூண் தாழ்வாரங்கள், கிரேக்க எழுத்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பக்கத்துக் காற்று அடித்திருப்பது தெரிகிறது. அதற்காகச் சிரியக் கட்டடத்தை அப்படியே பெயர்த்து வைத்ததாக நினைக்க வேண்டாம். கல் வெட்டிய முறையும் சுவர் எழுப்பிய முறையும் ஆர்மீனியக் கொத்தர்களுடையவை. கட்டடத்தைத் தூக்கி நிறுத்தும் படிமேடையும் அந்த வட்டாரத்துப் பழக்கம். அக்கரையில் இருந்த தெகோர் கோவிலும் அப்படித்தான் படிகள்மேல் நின்றது.

கூரை எங்கே போயிற்று? கூரை இல்லாமல் சுவர் எப்படி இத்தனை காலம் நிற்கிறது?

மரக்கூரையா, கல் வளைவுக் கூரையா என்ற வழக்கே இன்னும் தீரவில்லை. எதுவானாலும் இப்போது வானம்தான் கூரை. உள்ளே நின்ற தூண்களில் அடிப்பகுதிகள்தான் மிச்சம். வெளிச்சுவர்கள் சில இடங்களில் நல்ல உயரத்துக்கு நிற்கின்றன. வளைவுச் சன்னல்களும், முக்கோண மகுடம் வைத்த வாசல்களும் பார்த்தவர்களை அசையவிடாது.

சுவர் நிற்பதன் காரணம் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. ஆர்மீனியக் கொத்தர்கள் சுவரை முழுக்கல்லால் அடுக்கவில்லை. உட்பக்கமும் வெளிப்பக்கமும் டஃப் கற்பலகைகளை இழைத்து, இடுக்கே தெரியாமல் பொருத்தினார்கள். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான கல் அது. வெட்டும்போது மெத்தென்று இருக்கும், காற்றுப்பட்டபின் கெட்டிப்படும். இரு பலகைகளுக்கும் நடுவே சுண்ணாம்புச் சாந்தையும் உடைகல்லையும் கொட்டிக் கெட்டித்தார்கள். காலப்போக்கில் அந்தக் கலவை ஒரே பாறையாக இறுகிவிடும். பலகைகள் பார்வைக்கு, உடம்பு அந்தக் கலவை.

நிலநடுக்கம் வந்தால் முதலில் உரிவது பலகை. அப்புறம் ஊர்க்காரர்கள் வருவார்கள். தயாராக இழைத்த கல் கீழே கிடக்கும்போது வீடு கட்டுபவன் குவாரிக்கு ஏன் போவான்? தோலுரித்த உடம்புபோல் கலவைச்சுவர் மட்டும் நிற்கும். மேலே சொன்ன தெகோர் கோவிலின் கதி இதுதான். அது 5ஆம் நூற்றாண்டுக் கோவில். நமக்குத் தெரிந்த மிகப் பழைய ஆர்மீனியக் கல்வெட்டு அங்கேதான் இருந்தது. 1912 நிலநடுக்கத்தில் பெரும்பகுதி சரிந்தது. மிச்சக் கல்லைப் பிற்பாடு உள்ளூர்க் கட்டடங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். இன்று அங்கே கலவைக்குன்றுதான் பாக்கி. அதைப் பார்த்தபின் யெரெரூய்க்கைப் பாழடைந்தது என்று சொல்லவே நாக்கு கூசும்.

கல்லறைத் தோட்டம் எங்கே? படங்களில் ஒன்றும் தெரியவில்லையே?

எல்லோரும் முகப்பைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவதால் தெரிவதில்லை. கோவிலுக்குத் தெற்கேயும் தென்கிழக்கேயும் தரையைப் பாருங்கள். பாதி புதைந்த கற்பலகைகள், மூன்று நான்கு படியாக ஏறும் சின்னச் சின்னப் பீடங்கள், அவற்றின்மேல் சதுரக் கற்கள். அவசரமாக நடப்பவர் கண்ணுக்கு இடிபாட்டுக் குவியல்தான்.

அந்தப் பீடங்கள் ஒரு காலத்தில் நினைவுத்தூண்களைத் தாங்கியவை. கிறிஸ்தவத்தின் முதல் சில நூற்றாண்டுகளில் ஆர்மீனியர்கள் இறந்தவர் நினைவாகவும் புனிதர் நினைவாகவும் நான்முகக் கல்தூண் நட்டார்கள். படிகள், மேலே கனசதுரப் பீடம், அதற்குமேல் தூண், உச்சியில் சிலுவை என்று அடுக்கு அமையும். தலின் என்ற ஊரில் 7ஆம் நூற்றாண்டுப் பெருங்கோவிலைச் சுற்றி இவ்வகைத் தூண்களின் செதுக்குகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. ஒட்சூனில் இரண்டு தூண்கள் வளைவுக்குள் முழுசாகவே நிற்கின்றன. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு யெரெரூய்க்கின் வெறும் பீடங்களைப் பார்த்தால், மேலே நின்றிருக்கக்கூடியதை மனசு தானே வரைந்துகொள்ளும்.

பீடங்களைச் சுற்றியும் கோவில் சுவரை ஒட்டியும் சாதாரணக் குழிகள். தலை மேற்கே, கால் கிழக்கே. உயிர்த்தெழும் நாளில் எழுந்து உட்கார்ந்தால் கிழக்கு நோக்கி இருக்கவேண்டும் என்ற நம்பிக்கை. பெரும்பாலானவற்றில் பெயர் இல்லை.

குழந்தைகள் அதிகம் புதைக்கப்பட்டிருப்பதாகச் சொல்வது உண்மையா?

உண்மை. அண்மைய அகழாய்வில் கோவிலை ஒட்டிய பகுதியில் சிசுக்களும் சின்னக் குழந்தைகளும் புதைக்கப்பட்ட குழிகள் பல வெளிப்பட்டன. இதைக் கேட்டதும் கொள்ளைநோய், படுகொலை என்று கதை கட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். தடுப்பூசிக்கு முந்தைய உலகில் எந்த ஊரின் கல்லறையைத் தோண்டினாலும் பாதிக்குப் பாதி பிள்ளைகளாக இருப்பது வியப்பில்லை. அவர்களைக் கோவில் சுவரோரமாகக் கொண்டுவந்து புதைத்தார்களே, கவனிக்க வேண்டியது அதுதான்.

இறந்த பிள்ளைக்குக் கல்தூண் நடும் வசதி எல்லா வீட்டிலும் இருந்திருக்காது. சுவரின் நிழல் இலவசம். நான் இதற்குமேல் எதையும் இதில் ஏற்றிச் சொல்ல விரும்பவில்லை.

கல்வெட்டே இல்லையென்றால் குழியின் வயதை எப்படிச் சொல்கிறார்கள்?

குழி எந்த மண்ணடுக்கை வெட்டிக்கொண்டு இறங்குகிறது என்பதுதான் முதல் துப்பு. கோவில் கட்டும்போது சிந்திய சாந்தின் படிவை ஒரு குழி வெட்டியிருந்தால், அது கோவிலுக்குப் பிந்தியது. இடிந்து விழுந்த கற்களின் மேலிருந்து வெட்டியிருந்தால், கோவில் இடியத் தொடங்கியபின் வந்தது. கூடக் கிடக்கும் பானை ஓட்டுத்துண்டுகளும் காசுகளும் உதவும். எலும்பிலிருந்து கார்பன் காலக்கணிப்பும் செய்யலாம்.

இப்படிப் பார்க்கும்போது ஒரு கல்லறைத் தோட்டம் ஒரே காலத்தது அல்ல என்பது புலப்படும். நினைவுத்தூண்களின் காலம் வேறு, எளிய குழிகளின் காலம் வேறு. இரண்டுக்கும் நடுவே பல நூற்றாண்டுகள்.

கச்கார் எனப்படும் சிலுவைக்கற்கள் இங்கே ஏன் பேசப்படுவதில்லை?

கச் என்றால் சிலுவை, கார் என்றால் கல். பூவேலைப்பாட்டோடு நிமிர்ந்து நிற்கும் அந்தப் பலகைகள் 9ஆம் நூற்றாண்டில்தான் தலையெடுத்தன. காலம் தெரிந்தவற்றில் மிகப் பழையது கார்னியில் உள்ளது. அரசி கத்ரானிதே 879இல் நிறுத்தியது. யெரெரூய்க்கின் படிப்பீடங்கள் அதற்கும் முந்தைய மரபு. கச்காரின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கச்கார் காடுபோல் நிற்பதைப் பார்க்க ஆசைப்பட்டால் செவான் ஏரிக்கரையில் உள்ள நொராதூசுக்குப் போகவேண்டும். அசர்பைஜானைச் சேர்ந்த நகிச்செவானில் இருந்த ஜுல்பா இடுகாடு ஆயிரக்கணக்கில் கச்கார்களைக் கொண்டிருந்தது. 1998 தொடங்கி 2005க்குள் அதை முற்றாக அழித்துவிட்டார்கள். 2010இல் கச்கார் செதுக்கும் கலை யுனெஸ்கோவின் பட்டியலில் ஏறியது. அதே கலையின் கற்களை உடைத்து முடித்து ஐந்தே ஆண்டு.

பெரிய மனிதர்களைக் கோவிலுக்குள் புதைத்திருக்க மாட்டார்களா?

கோவிலுக்குள் புதைப்பதை ஆர்மீனியத் திருச்சபை தொடக்கத்திலிருந்தே விரும்பவில்லை. அதனால்தான் பிரபுக்களும் வெளியே சுவரோரம் இடம் தேடினார்கள். பிற்காலத்தில் கோவில் வாசலுக்கு முன்னால் கவித் என்ற முன்மண்டபத்தைக் கட்டி அதன் தரையில் புதைக்கத் தொடங்கினார்கள். விதியும் மீறவில்லை, கோவிலையும் விட்டு விலகவில்லை.

அகழாய்வு செய்தவர்கள் யார்?

அனியில் ஆண்டுக்கணக்காக அகழாய்வு நடத்திய நிக்கொலாய் மார் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் இங்கேயும் தோண்டினார். அவருடைய நூல் அவர் இறந்து முப்பது ஆண்டு கடந்து, 1968இல்தான் அச்சேறியது. கட்டடக்கலை அறிஞர் தோரோஸ் தோரமானியான் அளந்து வரைந்தவை இன்றும் கைகொடுக்கின்றன. தெகோரையும் இடிவதற்குமுன் ஆராய்ந்தவர் அவர்தான். 2009 தொடங்கிச் சில ஆண்டுகள், பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரிலிருந்து பட்ரிக் தொனபெதியான் தலைமையில் வந்த குழுவினர் ஆர்மீனியர்களோடு சேர்ந்து தோண்டினார்கள்.

கல்லறைகளுக்கு முழுக் கவனம் கிடைத்தது இந்தச் சுற்றில்தான் என்பது என் எண்ணம். கட்டடக்கலைக்காரர்களுக்குச் சுவர் தெரியும் அளவுக்கு எலும்பு தெரியாது. அதற்குத் தனி ஆட்கள் வேண்டும்.

பக்கத்து ஊரான அனிபெம்சாவுக்கும் கோவிலுக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. குதிகால் தேய்க்கும் நுரைக்கல்லுக்கு ரஷ்ய மொழியில் பெம்சா என்று பெயர். அதை வெட்டியெடுக்க வந்த தொழிலாளர்களுக்காக 1926இல் சோவியத் அரசு எழுப்பிய குடியிருப்பு அது. ஊர்ப்பெயரிலேயே தொழில் இருக்கிறது. சுரங்க வேலை படுத்ததும் ஊரும் படுத்துவிட்டது. வேலை தேடிப் பலர் வெளியேறினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 2016இல் ஐரோப்பாவில் பெரும் ஆபத்தில் இருக்கும் ஏழு பாரம்பரிய இடங்களின் பட்டியலை பாரம்பரியப் பாதுகாப்புக்கான யூரோப்பா நோஸ்ட்ரா அமைப்பு வெளியிட்டபோது, கோவிலை மட்டும் சேர்க்கவில்லை. ஊரையும் சேர்த்தே போட்டது. 1920களின் தொழிலாளர் வீடுகளும் காக்கவேண்டியவைதானே. ஊர் காலியானால் கோவிலுக்குக் காவல் யார்? அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதிக்கான உத்தேசப் பட்டியலில் யெரெரூய்க் 1995 முதல் காத்திருக்கிறது.

திரும்பக் கட்டிவிடலாமே?

எப்படி? கூரை எந்த மாதிரி என்றே முடிவாகவில்லை. ஒரு கட்சி சொல்வதைக் கேட்டுக் கட்டினால் மற்ற கட்சியின் சான்றுகள் புதுச் சாந்துக்கு அடியில் போய்விடும். சரிகிற சுவரை நிறுத்துவது, உச்சியில் மழைநீர் இறங்காமல் மூடுவது, விழுந்த கல்லை அதன் இடம் உறுதியாகத் தெரிந்தால் ஏற்றுவது, இவ்வளவும் போதும். ஷிராக் பனிக்குப் பேர்போன பகுதி. இடுக்கில் இறங்கிய நீர் உறைந்து விரியும்போது கல் பிளக்கும். 1988 டிசம்பரில் ஸ்பிதாக் நிலநடுக்கம் உலுக்கிய மாகாணமும் இதுதான். இந்த இரண்டையும் தாங்கவைப்பதே பெரிய வேலை.

நம் ஊருக்கும் ஆர்மீனியர்களுக்கும் தொடர்பு உண்டா?

யெரெரூய்க்கோடு இல்லை. ஆர்மீனியக் கல்லறைகளோடு உண்டு. சென்னை பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு இருக்கிறதே, அங்கே அரண்மனை எதுவும் இருந்ததில்லை; ஆர்மீனியன் என்பதுதான் வாயில் புரண்டு அப்படி ஆகிவிட்டது. 1772இல் கட்டிய புனித மரியாள் கோவிலில் சுமார் 350 ஆர்மீனியர்கள் அடங்கியிருக்கிறார்கள். கல்லறைப் பலகைகளைத் தாண்டித்தான் நடக்கவேண்டும். 1794இல் உலகின் முதல் ஆர்மீனிய இதழான அஸ்தராரை மதராசில் அச்சிட்ட ஹருத்யுன் ஷ்மவோனியான் பாதிரியாரும் அங்கேதான் இருக்கிறார். வணிகம் செய்ய வந்த இடத்தில் ஒவ்வொருவர் பெயரையும் கல்லில் வெட்டிவைத்தார்கள். சொந்த மண்ணில், யெரெரூய்க்கில், குழிகளுக்குப் பெயர் இல்லை.

போய்ப் பார்க்க முடியுமா? கல்லறைகளுக்கு நடுவே நடக்கலாமா?

முடியும். குயூம்ரியிலிருந்து தெற்கே காரில் ஏறக்குறைய ஒரு மணிநேரம். மேட்டில் நிழல் கிடையாது. கோடையில் தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். குளிர்காலத்தில் போகாமல் இருப்பது நல்லது. மாலை வெயில் மேற்கு முகப்பில் விழும்போது டஃப் கல் செம்மஞ்சளாகச் சிவக்கும் என்பதால் படம் எடுப்பவர்கள் அந்த நேரத்தைத்தான் விரும்புவார்கள். ட்ரோன் பறக்கவிட நினைக்காதீர்கள். எல்லை கூப்பிடு தூரம்.

நடக்கலாம், ஆனால் படிப்பீடங்களில் ஏறி உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். ஆர்மீனியர்களுக்கு மெரெலோத்ஸ் என்ற நாள் உண்டு. ஐந்து பெருவிழாக்களில் ஒவ்வொன்றுக்கும் மறுநாள் அது வரும். குடும்பத்தோடு கல்லறைக்குப் போய்ச் சாம்பிராணி போடுவார்கள். ஈஸ்டருக்கு மறுநாள் அங்கே இருக்க நேர்ந்தால், அனிபெம்சாவிலோ வழியில் வேறு ஊரிலோ கல்லறைத் தோட்டத்தில் புகை தெரியும். யாராவது கூப்பிட்டு ரொட்டியும் ஒரு மடக்கு ஒயினும் நீட்டினால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.